றோசலினைப் பெரட்டுக்குக் கூப்பிட்ட காலை

செத்து இரண்டு மழைக்காலம் கடந்துபோன றோசலினின் பேரை, எண்பத்தேழாம் வருடம் ஒரு திங்கட்கிழமை காலையில், தேயிலைத் தோட்டத்தில் வேலைக்குப் பேர் கூப்பிடுகிற பெரட்டுக்களத்தில் வைத்துக் கூப்பிட்டார்கள். கூப்பிட்டவர் கணக்குப்பிள்ளை கணேசமூர்த்தி. கேட்டுக்கொண்டு நின்றவள் றோசலினின் மூத்த மகள் ஜோசப்பின்.

ஜோசப்பினுக்கு அந்த நேரத்தில் அங்கே என்ன வேலை என்று கேட்டால், ஒரு வேலையும் இல்லை. அவள் தோட்டத்து ஆபிசில் கம்ப்யூட்டர் பார்ப்பவள். லயத்து வரிசைவீட்டில் பிறந்து, வட்டகொடைக்கு நடந்துபோய்ப் படித்து, கடைசியில் தோட்டத்தை நடத்துகிற தொரையின் அறைக்குப் பக்கத்து அறையில் மின்விசிறிக்குக் கீழே உட்காருகிற அளவுக்கு வந்தவள். முதல் நாள்தான் அந்த மெஷினுக்குப் புதிய பதிப்புப் புரோகிராம் போட்டிருந்தார்கள். அது அச்சடித்த முதல் பேர்ப்பட்டியலைக் கணக்குப்பிள்ளை வாசிப்பதைக் காதால் கேட்க வேண்டும் என்று அவளுக்கு ஓர் ஆசை. அந்த ஆசைதான் அவளைப் பனியோடு பனியாக ஆபிஸ் வாசலில் கொண்டுவந்து நிறுத்தியிருந்தது.

கீழே களத்தில் பெண்கள் கூடையை முதுகில் மாட்டி, மழைக்குப் போர்த்துகிற கொங்காணியைத் தலையில் இழுத்துவிட்டு நின்றார்கள். கணேசமூர்த்தி கண்ணாடியை மூக்கு நுனியில் தள்ளிக்கொண்டு வாசித்தார். நம்பர், பேர். நம்பர், பேர். ஒவ்வொன்றுக்கும் "இருக்கேன்" என்று ஒரு குரல்.

"நூத்திப் பதினேழு, றோசலின்."

வாய் வாசித்துவிட்டது, மூளை பிறகுதான் வந்து சேர்ந்தது. கணேசமூர்த்தி தலையைத் தூக்கினார். களத்தில் ஒரு இருமல் சத்தம்கூட இல்லை. அம்மாவை மேட்டுச் சவுக்காலைக் கல்லறையில் அடக்கம் பண்ணினபோது முதல் பிடி மண் போட்டவள் ஜோசப்பின். இப்போது அதே அம்மாவைக் கொழுந்து எடுக்க வா என்று கூப்பிடுகிறார்கள்.

அப்போது பெண்களுக்கு நடுவிலிருந்து ஒரு குரல் வந்தது.

"இருக்கேன்."

குரல் அம்மாவுடையது மாதிரியேதான் இருந்தது. ஒரு நொடி கழித்துத்தான் ஜோசப்பினுக்கு அது தங்கச்சி இசபெல் என்று புரிந்தது. புரிந்த பிறகும் பயம் குறையவில்லை.

கணேசமூர்த்தி அடுத்த பேருக்குப் போனார். போனால் அங்கேயும் இதே கதை. ஃபெக்டரியில் நெஞ்சடைத்துச் செத்த சோலைமலையைக் கூப்பிட்டார். அவன் மகன் வாயைப் பிளந்துகொண்டு நின்றான். இந்தியாவுக்குக் கப்பலேறிப்போன மீனம்மாவைக் கூப்பிட்டார். பட்டியல் முடிகிறபோது செத்தவர்களும் போனவர்களுமாக முப்பது பேருக்கு மேல் களத்துக்கு வந்து போயிருந்தார்கள். அவர்கள் இடத்தில் வேலை செய்கிற மகனும் மகளும் மருமகளும் பட்டியலில் இல்லவே இல்லை. இசபெலும் இல்லை.

கணேசமூர்த்தி மூச்சிரைக்க ஆபிஸ் படியேறி வந்தார்.

"ஏம்மா ஜோசப்பின், கல்லறைத் திருநாளுக்கு உங்க கோயில்ல வாசிக்கிற பேரையெல்லாம் ஏங்கிட்டக் குடுத்துட்டியா?" என்றார். கிண்டலாகத்தான் தொடங்கினார். அவளுடைய முகத்தைப் பார்த்ததும் குரல் இறங்கிவிட்டது. "உங்கம்மா பேர நான் வேணும்னு கூப்பிடல புள்ள. எழுதியிருந்திச்சு, வாசிச்சிட்டேன்."

"தெரியும்ங்க ஐயா," என்றாள்.

கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதை என்பார்களே, அதுதான் நடந்திருந்தது. கொழும்புத் தலைமை ஆபிஸ் புதிய பதிப்புக்கு மாறிவிட்டது. புதியது எழுதும் கோப்பைப் பழையது திறக்காது. பழையது எழுதும் கோப்பைப் புதியது திறக்காது. ஒரே அடுப்பங்கரையில் முகம் கொடுத்துப் பேசாத மாமியார் மருமகள் மாதிரி. அதனால் எல்லாத் தோட்டமும் மாறித்தான் ஆகவேண்டும் என்று உத்தரவு. மாற்றிக் கொடுக்க வந்தவர் மஃறூப். அட்டனில் துணிக்கடை வைத்திருக்கும் குடும்பத்துப் பிள்ளை, கொழும்பில் கம்ப்யூட்டர் வேலை. நல்ல மனிதர், ஆனால் அவசரக்காரர். அன்று மத்தியான ரயிலில் தோட்டத்துப் பேர்ப்பதிவு முழுவதையும் ஒரு டிஸ்கில் எடுத்துக்கொண்டு கொழும்புக்குப் போகவேண்டியவர்.

அந்த டிஸ்கில்தான் எல்லாமே இருந்தது. அதில் பேர் இருப்பவர்தான் இனித் தோட்டத்து ஆள். இல்லாதவர் பேர் வெட்டப்பட்டவர். பேர் வெட்டினால் வேலை போகும், வேலையோடு குடியிருக்கிற லயத்துக் காம்பராவும் போகும். ஜோசப்பினுடைய வீட்டில் காம்பரா இருந்தது இசபெலின் பேரில். ஆபிஸ்காரி என்று ஜோசப்பினுக்கு யாரும் காம்பரா கொடுக்கவில்லை. அப்பா பத்திநாதன் வேலையிலிருந்து நின்றுவிட்டார். இசபெலின் பேர் போனால் மூன்று பேரும் தெருவில்தான்.

மஃறூப் விடுதியிலிருந்து தலைமுடி காயாமல் ஓடிவந்தார். விஷயத்தைக் கேட்டதும் முகத்தில் ஈயாடவில்லை.

"டிஸ்க் மாறிப்போச்சா மிஸ்? பழைய வருசத்து டிஸ்க எதையாவது போட்டமா?"

"இல்ல சேர். போன சனிக்கிழமை நான் எடுத்த டிஸ்க்தான். மேல என் கையெழுத்தே இருக்கு."

மஃறூப் பையைக் கிளறிப் பழைய பதிப்பு இருந்த டிஸ்கை எடுத்தார். மெஷினில் முதல் நாளே அதை அழித்துவிட்டார். நல்ல காலம், பையில் ஒரு பிரதி இருந்தது. முதலில் புதிய கோப்பை அதற்குக் காட்டினார். இது எனக்குத் தெரிந்த கோப்பு இல்லை என்று ஒரு வரி போட்டுவிட்டு அது நின்றுகொண்டது. அது எதிர்பார்த்ததுதான். பிறகு சனிக்கிழமை டிஸ்கைப் போட்டு நூற்றுப் பதினேழைக் கேட்டார்கள். இசபெல் என்றது திரை. றோசலின் இல்லை. அதே டிஸ்கை மாற்றிக்கொடுக்கும் புரோகிராமில் ஓட்டி, புதிய பதிப்பில் திறந்து, அதே நம்பரைக் கேட்டார்கள். றோசலின் என்றது திரை. இசபெல் இல்லை.

ஒரே டிஸ்க். ஒரே நம்பர். ஒரு பதிப்பில் மகள் உயிரோடு, இன்னொன்றில் தாய் உயிரோடு. மஃறூப் மெதுவாகக் கதிரையில் உட்கார்ந்தார்.

"என் தொழில்ல இப்பிடி ஒண்ண நான் பாத்ததில்ல தங்கச்சி," என்றார். மிஸ் என்பது போய்த் தங்கச்சி வந்துவிட்டது.

அதற்குள் தொரை எட்டிப் பார்த்தார். அரைகுறையாகக் கேட்டுவிட்டு, "ரயிலுக்கு டிஸ்க் போகணும். இருக்கிறத அனுப்பு. பொறகு பாத்துத் திருத்தலாம்," என்று சொல்லிவிட்டுப் போனார்.

பிறகு திருத்தலாம் என்ற சொல்லை ஜோசப்பின் முன்பும் கேட்டிருக்கிறாள். கீழ் லயத்தில் அழகன் என்று ஒருவர் இருந்தார். ஒரு கிளாக்கர் தவறுதலாக அவர் பேரை வெட்டிவிட்டார். பிறகு திருத்தலாம் என்றுதான் அவருக்கும் சொன்னார்கள். திருத்துகிற கை கொழும்பில் இருந்தது. அழகனின் வயிறு இங்கே இருந்தது. பிள்ளைகுட்டிகளோடு வவுனியாப் பக்கம் காட்டு வேலைக்குப் போனவர்தான், திரும்பி வரவில்லை. கொழும்பு ஒரு பேரை வெட்டினால் வெட்டினதுதான், தோட்டத்தில் எல்லாருக்கும் தெரிந்த பாடம் அது.

கொழுந்து நிறுக்கிற நேரத்தில் இசபெல் ஆபிஸ் ஜன்னலுக்கு வந்தாள். கூடையை இறக்கவில்லை.

"ஏன்டி இருக்கேன்னு சொன்ன?" என்று ஜோசப்பின் கேட்டாள். கோபமா அழுகையா என்று அவளுக்கே தெரியவில்லை.

"வேற என்னாக்கா சொல்லச் சொல்ற? அந்த நம்பருக்கு நான்தானே நிக்கிறேன். நானும் வாயத் தொறக்காட்டி, அம்மாவும் இல்ல, நானும் இல்ல." இசபெல் கன்னத்தில் ஒட்டியிருந்த தேயிலைத் துரும்பைத் தட்டிவிட்டாள். "சொல்லிட்டேன். சொன்ன நேரத்துல இருந்து கொழுந்து ஒழுங்கா வரமாட்டேங்குது."

அவள் போனதும் மஃறூப் திரும்பினார். "என்னா சொல்லிட்டுப் போறா? அந்த நம்பருக்கு நான் நிக்கிறேன்னா?"

"அது அம்மா நம்பர் சேர். அம்மா மோசம்போன பொறகு தங்கச்சிக்குக் குடுத்தது."

"செத்தவங்க நம்பரையா?"

"ஆமாங்க. நம்பர் வீட்டுக்குன்னு இருக்கிறது. அம்மாவுக்குப் பொறகு மக, மாமிக்குப் பொறகு மருமக. இங்க எல்லா லயத்திலயும் அப்பிடித்தான். நம்பர வீட்டுக்கு வெளிய விட்டா பேர் பதிய வேற வழி கெடையாது."

மஃறூப் நெற்றியில் கைவைத்தார். "கொழும்புல ஒருத்தர் நம்பர இன்னொருத்தருக்குக் குடுக்கிறதே இல்ல. நான் நேத்து ஒங்ககிட்டக் கேட்டேனா இல்லையா? ஒரே நம்பர்ல ரெண்டு பேரு இருப்பாங்களான்னு?"

கேட்டார். இருக்கமாட்டாங்க சேர் என்று அவள்தான் நெஞ்சை நிமிர்த்திச் சொன்னாள். பொய் சொல்லவில்லை. அம்மாவும் தங்கச்சியும் ஒரே நம்பரில் இரண்டு பேர் என்ற நினைப்பே அவளுக்கு வந்ததில்லை. ஒருத்தி விட்டாள், ஒருத்தி எடுத்தாள், அவ்வளவுதான். அவள் சொல்லை நம்பி மஃறூப் புதிய பதிப்புக்கு ஒரு கட்டளை போட்டிருந்தார்: ஒரு நம்பருக்கு ஒரே ஆள். இரண்டு வந்தால் முதலில் வருகிறவரை வைத்துக்கொள், அடுத்தவரைத் தள்ளு.

"ஆனா அம்மாவ நான் அழிச்சிட்டேனே சேர்," என்றாள் ஜோசப்பின். "இந்தக் கையாலதான் அழிச்சேன். அடக்கம் முடிஞ்ச மறுவாரம். அப்புறந்தான் தங்கச்சியப் பதிஞ்சேன்."

மஃறூப் பழைய பதிப்பைத் திறந்து, மறைத்ததையெல்லாம் காட்டு என்று ஒரு கட்டளை கொடுத்தார். திரை நிரம்பியது. அங்கங்கே சில பேர்களுக்கு முன்னால் ஒரு சின்ன நட்சத்திரம். நூற்றுப் பதினேழு, நட்சத்திரம், றோசலின். கீழே வெகுதூரம் தள்ளி நூற்றுப் பதினேழு, இசபெல்.

"பழைய பதிப்பு யாரையும் அழிக்கிறதில்ல," என்றார். "அழின்னு சொன்னா ஒரு நட்சத்திரத்தப் போட்டு மூடி வச்சிடும். ஆள் உள்ளேயே இருக்கும். அடியோட துடைக்கணும்னா அதுக்கு வேற ஒரு கட்டளை குடுக்கணும். அத ஒங்களுக்கு யாரும் சொல்லித் தரல. மாத்திக் குடுக்கிற புரோகிராமுக்கு இந்த நட்சத்திரம் கண்ணுக்குத் தெரியல போல. மூடியிருந்த எல்லாரையும் எழுப்பிவிட்டிருச்சி."

ஜோசப்பினுக்கு அவர் மேற்கொண்டு சொன்னது எதுவும் ஏறவில்லை. ஒன்று மட்டும்தான் தலைக்குள் சுற்றிச் சுற்றி வந்தது. அம்மா இங்கேயே இருந்திருக்கிறாள். இவள் தினமும் காலையில் மெஷினைத் தட்டி எழுப்பி, இந்தக் கோப்பைத் திறந்து, வந்தவர் வராதவர் கணக்குப் போட்டு, சாயந்தரம் மூடிவிட்டுப் போயிருக்கிறாள். அம்மாவின் பிறந்த தேதி, வேலைப் பிரிவு, எல்லாம் ஒரு எழுத்துக் குறையாமல் நாளெல்லாம் இவள் விரலுக்குக் கீழே கிடந்திருக்கிறது. இவள் கல்லறையில் போய் மெழுகுதிரி கொளுத்திக்கொண்டிருந்தாள்.

"இதுக்கு வழி லேசு," என்று மஃறூப் சொல்லிக்கொண்டிருந்தார். "பழைய பதிப்பிலயே அந்தத் துடைக்கிற கட்டளையக் குடுப்போம். நட்சத்திரம் போட்டவங்க எல்லாரும் போயிடுவாங்க. மிச்சத்த மாத்தினா ஒரு நம்பருக்கு ஒரே ஆளு. ஒங்க தங்கச்சி தானா வந்திடுவா. ரயிலுக்கும் நேரம் இருக்கு. இருங்க, முகத்தக் கழுவிட்டு வாறேன், கண்ணு எரியுது."

அவர் எழுந்து போனார். ஜோசப்பின் திரையைப் பார்த்தபடி இருந்தாள். ஒருத்தியை எத்தனை தடவைதான் அடக்கம் பண்ணுவது?

ஜன்னலில் நிழல் விழுந்தது. அப்பா. பத்திநாதன் ஆபிஸ் பக்கம் வருகிற மனிதரே இல்லை. மகள் ஆபிஸில் வேலைக்குச் சேர்ந்த நாளில்கூட ரோட்டில் நின்று பார்த்துவிட்டுத் திரும்பியவர். இன்று தலைத்துண்டைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார்.

"என்னாப்பா, மேலுக்கு முடியலையா?"

"இல்ல புள்ள. ஒண்ணு கேட்டுட்டுப் போகலாம்னு." ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டார். "காலைல பெரட்டுல ஒங்கம்மா பேரக் கூப்பிட்டாங்களாமே."

மனிதர் எவ்வளவு நொந்துபோயிருப்பார் என்று நினைத்தாள். "தப்பாப் போச்சுப்பா. மெஷினுல வந்த கோளாறு. நாளைக்குக் கூப்பிடமாட்டாங்க. இப்பவே எடுத்திருவேன்."

அவர் தலையாட்டினார். ஆனால் போகவில்லை.

"நான் அந்நேரம் மாட்டுக்குப் புல்லுப் போட்டுக்கிட்டு இருந்தேன்," என்றார். "எனக்குக் கேக்கல. லயத்துல எல்லாரும் கேட்டிருக்காங்க. நாளைக்கும் கூப்பிடுவாங்கன்னா, வெள்ளன வந்து களத்துப் பக்கம் நிக்கலாம்னு பாத்தேன்."

ஜோசப்பின் திகைத்துப்போனாள். காலையில் அம்மாவின் பேரைக் கேட்டபோதுகூட அவள் இப்படித் திகைக்கவில்லை. அம்மா செத்ததிலிருந்து இந்த மனிதர் அழுது அவள் பார்த்ததில்லை. அந்தப் பேரை வாயெடுத்துச் சொல்லிக்கூடக் கேட்டதில்லை. கல் நெஞ்சு என்று அவளும் தங்கச்சியும் பேசிக்கொண்டதும் உண்டு.

"அப்பா..."

"தெரியும் தெரியும். அது வந்தா சின்னவ பேரு போயிருமாமே. கணக்குப்பிள்ளை சொன்னாரு." துண்டைத் தோளில் போட்டுக்கொண்டார். "சின்னவ பேரு விட்டுப்போகாமப் பாத்துக்க. நான் சும்மாதான் கேட்டேன்."

அவர் இறங்கிப் போவதை அவள் பார்க்கவில்லை. பார்க்கும் தைரியம் இல்லை.

மஃறூப் வந்து உட்கார்ந்தார். கட்டளையை அவரே தட்டப் போனார். ஜோசப்பின் கையை நீட்டித் தடுத்தாள்.

"நான் தட்டுறேன் சேர். எங்கம்மாவும் அதுல இருக்காங்க."

அவர் அப்போதுதான் திரையைத் திரும்பிப் பார்த்தார். நூற்றுப் பதினேழை, நட்சத்திரத்தை, பேரை. வாய்க்குள் ஏதோ சொல்லிக்கொண்டு கதிரையைப் பின்னுக்கு இழுத்துவிட்டார்.

அவள் ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினாள். மெஷின் கரகரவென்று அரைத்தது. சிவப்பு விளக்கு எரிந்துகொண்டே இருந்தது. அணைந்தபோது நட்சத்திரம் ஒன்றுகூட இல்லை. சோலைமலை இல்லை, மீனம்மா இல்லை, றோசலின் இல்லை. மாற்றுகிற புரோகிராமை ஓட்டி, புதிய பதிப்பைத் திறந்து, நூற்றுப் பதினேழைக் கேட்டாள். இசபெல் என்று வந்தது. மஃறூப் பெருமூச்சு விட்டார். அவள் விடவில்லை.

"சேர், பேர்க் கட்டத்துல எடம் இருக்கா?"

"எதுக்கு?"

"எங்கள்ல ரெண்டு பேரு வைக்கிறது வழக்கம் சேர். ஞானஸ்நானத்துக்கு ஒண்ணு, கூப்பிட ஒண்ணு."

இசபெலுக்கு அப்படி இரண்டாவது பேர் எதுவும் இல்லை. மஃறூப் அவளைப் பார்த்தார், திரையைப் பார்த்தார், கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "இடம் தாராளமா இருக்கு தங்கச்சி. நம்பர்தான் மாறக்கூடாது. பேருக்குக் கொழும்புல ஒருத்தரும் கேக்கப்போறதில்ல," என்று சொல்லிவிட்டுப் பைக்குள் எதையோ தேட ஆரம்பித்தார். அவள் தட்டி முடிக்கிறவரை தேடினார். பிறகு டிஸ்கை வாங்கிக்கொண்டு வட்டகொடை ஸ்டேஷனுக்கு ஓடினார்.

மறுநாள் காலையில் ஜோசப்பின் ஆபிஸ் வாசலில் நின்றாள். யாரிடமும் எதுவும் சொல்லவில்லை, வீட்டிலும் சொல்லவில்லை. ஆனாலும் களத்து ஓரத்தில் சவுக்கு மரத்தடியில் அப்பா நின்றார். முகம் மழித்து, கோயிலுக்குப் போகிற சட்டை போட்டிருந்தார். கூப்பிடமாட்டார்கள் என்று தெரிந்தும் வந்திருக்கிறார் என்றால் அந்த மனிதரை என்ன சொல்வது.

கணேசமூர்த்தி இந்தத் தடவை ஒவ்வொரு பேரையும் கண்ணால் ஒருமுறை பார்த்த பிறகே வாயைத் திறந்தார். சோலைமலையின் மகன் பேர் வந்தது. பையன் துள்ளிக் குதிக்காத குறையாக இருக்கேன் என்றான். நூற்றுப் பதினேழுக்கு வந்ததும் கணக்குப்பிள்ளை நின்றுவிட்டார். தாளைக் கண்ணுக்குக் கிட்டக் கொண்டுபோனார். தலையைத் தூக்கி ஆபிஸ் வாசலைப் பார்த்தார். ஜோசப்பின் அசையவில்லை.

"நூத்திப் பதினேழு," என்றார். தொண்டையைச் செருமிக்கொண்டார். "றோசலின் இசபெல்."

யாரும் பதில் சொல்லவில்லை. இசபெல் கூடைக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு அக்காவைப் பார்த்தபடி நின்றாள். மரத்தடியில் அப்பா தலைத்துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார். அவருடைய தோள் குலுங்குவது மேலே ஆபிஸ் வாசல்வரை தெரிந்தது.

கணேசமூர்த்தி கொஞ்சம் பொறுத்துப் பார்த்தார். பிறகு அந்தப் பேரை இன்னொரு தடவை, இன்னும் உரக்கக் கூப்பிட்டார். அதற்குத்தான் இசபெல், "இருக்கேன்," என்றாள்.